கப்பலின் விலை வேறு, செலவு வேறு

வங்கியில் கடன் கேட்டு வைக்கப்படும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் 'திட்டச் செலவும் நிதி ஆதாரமும்' என்றொரு பக்கம் உண்டு. நிலம் இவ்வளவு, கட்டடம் இவ்வளவு, இயந்திரம் இவ்வளவு என்று வரிசையாக எழுதிக் கீழே ஒரு கூட்டுத்தொகை போட்டிருக்கும். கடன் கேட்பவர் பெரும்பாலும் அந்தக் கூட்டுத்தொகையையே தம் தொழிலின் செலவு என்று எண்ணுகிறார். மதிப்பீடு செய்யும் அலுவலரோ அந்தப் பக்கத்தை விரைவில் புரட்டிவிட்டு, இயந்திரம் ஓடத் தொடங்கிய பின் ஆண்டுதோறும் என்ன ஆகும் என்று கூறும் பக்கங்களில்தான் நெடுநேரம் நிற்கிறார். வாங்கும் நாளில் கொடுப்பது விலை. வைத்திருக்கும் நாள்வரை கொடுத்துக்கொண்டே இருப்பது செலவு. இவ்வேறுபாடு சிறியதோர் அரவை ஆலைக்கும் பொருந்தும். நாட்டின் போர்க்கப்பலுக்கும் பொருந்தும்.

போர்க்கப்பலைப் பற்றி ஒரு வங்கி இதழில் எழுதுவானேன் என்ற ஐயம் எழலாம். காரணங்கள் இரண்டு. முதலாவது, அந்தக் கப்பலுக்குப் பணம் கொடுப்பவர்கள் நாம். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் கப்பல், விமானம், தளவாடம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவு மட்டும் சுமார் 1.80 லட்சம் கோடி. இரண்டாவது, இக்கப்பல்களுக்குக் குழாய், வால்வு, மின்பலகை, கம்பிவடம், சிறு மின்னணுப் பெட்டி ஆகியவற்றைச் செய்து கொடுப்பவர்களில் பலர் சிறு, குறுந்தொழில் முனைவோர், வங்கிகளின் வாடிக்கையாளர்கள். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் ஆக்கத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குப் பங்கு இருந்தது. ஆகவே கடற்படைத் திட்டம் ஒன்றில் பணம் எவ்வாறு செலவிடப்படுகிறது என்பது நம் வீட்டுக் கணக்கோடு தொடர்பற்றதன்று.

இக்கட்டுரை அத்திட்டங்களின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கப்பலின் இயந்திரங்களைக் கண்காணித்து இயக்கும் செயல்முறைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அவற்றுக்கு ஆகும் பணத்துக்குத் தகுந்த பயன் தருகின்றனவா என்பதே கேள்வி. தருகின்றன என்பதே என் கருத்து. ஆனால் அந்தப் பயன் தானாக வருவதன்று. எந்தக் கட்டத்தில் வாங்குகிறோம், எந்த நிபந்தனையோடு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

கட்டுப்பாட்டு அமைப்பு என்பது யாது?

தற்காலப் போர்க்கப்பல் கடலில் மிதக்கும் ஒரு சிறு நகரம். அதற்குள் மின்நிலையம் உண்டு. குடிநீர் ஆலை உண்டு. தீயணைப்பு நிலையம் உண்டு. குளிர்பதன ஆலை உண்டு. இவற்றோடு கப்பலைத் தள்ளிச் செல்லும் பேராற்றல் வாய்ந்த இயந்திரங்களும் உண்டு. விக்ராந்தை எடுத்துக்கொண்டால், நான்கு வாயுச் சுழலிகள் சேர்ந்து 88 மெகாவாட் ஆற்றல் தருகின்றன. சுமார் 2,200 அறைகளும் சுமார் 2,500 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பி வடங்களும் அதில் உள்ளன. இத்தனையையும் ஆங்காங்கே ஆள் நின்று பார்த்துக்கொள்வது இயலாத காரியம்.

எனவே வெப்பம், அழுத்தம், எண்ணெய் மட்டம், சுழற்சி வேகம், நீர்க்கசிவு, புகை ஆகியவற்றை அளக்கும் உணரிகள் கப்பல் முழுதும் பொருத்தப்படுகின்றன. அவை தரும் அளவுகள் அருகிலுள்ள சிறு கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குச் சென்று, அங்கிருந்து இரட்டை வலைப்பின்னல் வழியாக இயந்திரக் கட்டுப்பாட்டு அறையின் திரைகளை அடைகின்றன. ஒரு வலை அறுந்தாலும் மற்றொன்று தாங்கும். அதிகாரி ஒருவர் அமர்ந்த இடத்திலிருந்தே இயந்திரத்தை ஓட்டவும் நிறுத்தவும், மின்சுமையைப் பகிரவும், தீப்பிடித்த அறையைத் தனிமைப்படுத்தவும், வெள்ளம் புகுந்த இடத்தில் இறைப்பானை இயக்கவும் முடியும். இந்த முழு ஏற்பாட்டையும் 'ஒருங்கிணைந்த இயங்குதள மேலாண்மை அமைப்பு' என்பர். கப்பல் கட்டும் தளங்களில் சுருக்கமாக ஐ.பி.எம்.எஸ். விக்ராந்திலும், 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் கடற்படையில் இணைக்கப்பட்ட நீலகிரி வகை முதற்கப்பலிலும் இத்தகைய தானியக்கம் இடம்பெற்றுள்ளது.

வங்கி வாடிக்கையாளருக்கு இதை விளக்க அதிகம் முயல வேண்டியதில்லை. பேரேடுகளில் எழுதிவந்த கிளைகள் மைய வங்கியியல் கணினிக்கு மாறிய காலத்தை நாம் அனைவரும் கண்டவர்கள். அந்த மாற்றம் கிளைக்கு வேகத்தையும் தந்தது. 'சர்வர் வேலை செய்யவில்லை' என்ற சொற்றொடரையும் தந்தது. கப்பலிலும் அதே நன்மை உண்டு. அதே ஆபத்தும் உண்டு. வேறுபாடு ஒன்றே: கிளையில் சர்வர் நின்றால் வாடிக்கையாளர் மறுநாள் வருவார்; நடுக்கடலில் நின்றால் மறுநாள் என்பது உறுதியன்று.

மிச்சம் எங்கிருந்து வருகிறது?

போர்க்கருவி ஒன்றின் ஆயுட்காலச் செலவில் ஏறத்தாழ 70 விழுக்காடு, அதை வாங்கிய பின் இயக்கவும் பராமரிக்கவும் ஆவது என்பது அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் பலமுறை சுட்டிக்காட்டிய கணக்கு. நாட்டுக்கு நாடு விழுக்காடு மாறலாம். பெரும்பகுதி பின்னால்தான் வருகிறது என்ற உண்மை மாறாது. கட்டுப்பாட்டு அமைப்பு தொடுவது இந்தப் பின்பகுதியைத்தான்.

மேலை நாடுகளில் இதன் பயனைக் கூறும்போது முதலில் ஆட்குறைப்பைச் சொல்வார்கள். 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை தொடங்கிய 'ஸ்மார்ட் ஷிப்' திட்டத்தின் முதன்மையான நோக்கமே குறைந்த மாலுமிகளைக் கொண்டு கப்பலை ஓட்டுவதுதான். அந்தக் கணக்கை அப்படியே எடுத்து நம் நாட்டுக் கோப்பில் ஒட்டுவது சரியாகாது. மாலுமி ஒருவருக்கு அங்கு ஆகும் செலவும் இங்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. சம்பள மிச்சத்தை மட்டும் நம்பி இத்தகைய அமைப்பை வாங்கினால், இந்தியச் சூழலில் அதன் விலை திரும்பி வர நெடுங்காலம் ஆகும். நமக்கு உண்மையான மிச்சம் வேறு மூன்று இடங்களில் உள்ளது.

முதலாவது எரிபொருள். கப்பலைத் தள்ளத் தேவையான ஆற்றல், வேகத்தின் முப்படிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆற்றல் தேவை எட்டில் ஒரு பங்காகிவிடும். போர்க்கப்பல் தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் முழு வேகத்தில் ஓடுவதில்லை. வாயுச் சுழலியோ குறைந்த சுமையில் ஓடும்போது, தரும் ஆற்றலுக்கு மிகுதியான எரிபொருளைக் குடிக்கும் இயல்புடையது. எனவே எந்த வேகத்துக்கு எத்தனை இயந்திரங்கள், எந்தச் சுமைக்கு எத்தனை மின்னாக்கிகள் என்று நொடிதோறும் பார்த்து இயக்குவது பெரும் சிக்கனம். நீலகிரி வகையில் மெதுவோட்டத்துக்கு டீசல் இயந்திரமும் விரைவோட்டத்துக்கு வாயுச் சுழலியும் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றி மாறுவதற்குக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்றியமையாதது.

இரண்டாவது பராமரிப்பு. நாட்காட்டியைப் பார்த்து இயந்திரத்தைப் பிரிப்பது பழைய வழக்கம்; அதிர்வையும் வெப்பத்தையும் எண்ணெயின் நிலையையும் பார்த்து, தேவை எழும்போது பிரிப்பது புதிய வழக்கம். தேவையற்ற பிரிப்பும் செலவு. தேவையான நேரத்தில் பிரிக்காமல் விடுவது அதைவிடப் பெருஞ்செலவு.

மூன்றாவது, கப்பல் பணிக்குத் தயாராக இருக்கும் நாட்கள். பத்துக் கப்பல்களில் மூன்று எப்போதும் பழுதுபார்ப்பில் இருந்தால் நம்மிடம் இருப்பவை ஏழுதான். ஒன்றைக் கூடுதலாகக் கடலில் நிறுத்த முடிந்தால், அது புதிய கப்பல் ஒன்றை வாங்கியதற்குச் சமம். இந்த மூன்றாவது பயன் எந்த ஒப்பந்தப்புள்ளியின் ஒப்பீட்டு அட்டவணையிலும் எளிதில் இடம்பெறுவதில்லை. ஆனால் மூன்றிலும் பெரியது இதுவே.

ஒரு சிறு கணக்கு

வங்கி அலுவலர் கையில் எழுதுகோல் இருந்தால் நிகழ்கால மதிப்பைக் கணக்கிடாமல் விடமாட்டார். கீழே உள்ள எண்கள் எந்தக் கப்பலுக்கும் உரியவையல்ல. விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட முழு எண்கள்.

ஒரு கப்பலில் மேம்பட்ட கட்டுப்பாட்டு அமைப்பைப் பொருத்தக் கூடுதலாக ஆகும் பணம் 40 கோடி ரூபாய் என்க. அதனால் ஆண்டுக்கு 5 கோடி மிச்சமாகும். கப்பலின் ஆயுள் 25 ஆண்டு. வட்டி வீதம் 8 விழுக்காடு. இருபத்தைந்து ஆண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 53.4 கோடி. நாற்பதைக் கழித்தால் 13.4 கோடி நன்மை. கோப்பு இங்கேயே முடிந்துவிட்டால் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் கப்பலின் ஆயுளும் கணினியின் ஆயுளும் ஒன்றல்ல. பன்னிரண்டாம் ஆண்டில் மின்னணுக் கருவிகளையும் மென்பொருளையும் புதுப்பிக்க 30 கோடி தேவைப்படும் என்று கொள்வோம். அதன் இன்றைய மதிப்பு சுமார் 11.9 கோடி. நன்மை 1.5 கோடியாகச் சுருங்கிவிடுகிறது. இனி இந்த நிலையிலிருந்து மூன்று மாற்றங்களைச் செய்து பார்ப்போம்.

ஒப்பந்தப்புள்ளியில் கடுமையாகப் பேரம் பேசி விலையைப் பத்து விழுக்காடு குறைத்தால் கிடைப்பது 4 கோடி. அமைப்பு கப்பலோடு ஒத்துப்போகாமல் இரண்டு ஆண்டுகள் தாமதமாகி, மிச்சமும் இரண்டு ஆண்டுகள் தள்ளித் தொடங்கினால் இழப்பது 7.6 கோடி, அதாவது முழுத் திட்டமும் நட்டத்தில் முடியும். மாறாக, மாலுமிகளுக்கு நல்ல பயிற்சி தந்து ஆண்டு மிச்சத்தை 5 கோடியிலிருந்து 6 கோடியாக உயர்த்த முடிந்தால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 10.7 கோடி.

நம் கொள்முதல் அலுவலகங்களின் உழைப்பில் பெரும்பகுதி முதல் மாற்றத்துக்கே, அதாவது நான்கு கோடிக்கே செலவாகிறது. காலத்துக்கும் பயிற்சிக்கும் உரிய பெருந்தொகைகள் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. யானையை வாங்க ஒப்புக்கொண்டவன் அங்குசத்துக்குப் பேரம் பேசி, பாகனை அமர்த்த மறந்த கதை இது.

காலம் என்னும் பெருஞ்செலவு

கடற்படைத் திட்டங்களில் காலத்தாழ்வு எவ்வளவு பணத்தை விழுங்கும் என்பதற்கு விக்ராந்தே சான்று. 2003-இல் இத்திட்டத்துக்கு அளிக்கப்பட்ட ஒப்புதல் 3,261 கோடி ரூபாய். 2014 ஜூலையில் அது 19,341 கோடியாகத் திருத்தப்பட்டது. 2009-இல் கப்பலின் அடித்தண்டு இடப்பட்டது. 2013 ஆகஸ்டில் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் இணைந்தது. இந்த உயர்வு முழுவதையும் காலத்தாழ்வின் கணக்கில் எழுதுவது நியாயமன்று. முதல் மதிப்பீடே குறைவானது. வெளிநாட்டிலிருந்து எதிர்பார்த்த எஃகு கிடைக்காமையால், ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் இந்திய எஃகு ஆணையமும் சேர்ந்து தனி வகை எஃகையே உருவாக்க வேண்டியிருந்தது. பற்சக்கரப் பெட்டிகளும் டீசல் மின்னாக்கிகளும் வந்து சேரத் தாமதமானதையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை குறிப்பிட்டது. முதன்முறை விமானந்தாங்கியைக் கட்டும் நாடு கொடுக்கவேண்டிய கல்விக் கட்டணமாகவும் இதில் ஒரு பகுதியைக் கொள்ளலாம். 76 விழுக்காடு உள்நாட்டுப் பங்கோடு அக்கப்பல் நிறைவேறியது பெருமைக்குரியதே.

எனினும் இங்கே ஒரு பாடம் உண்டு. இயந்திரம் எது என்று உறுதியாகாதவரை அதற்கான உணரிகளும் இணைப்புகளும் உறுதியாவதில்லை. எஃகுத் தட்டு பற்றவைக்கப்பட்ட பின் கம்பிவடத்துக்கு வழி தேடினால், கட்டிய சுவரை இடித்து மின்கம்பி இழுக்கும் வீட்டுக்காரரின் நிலைதான். கட்டுப்பாட்டு அமைப்பு கப்பலின் எல்லா உறுப்புகளையும் தொடுவதால், எந்த உறுப்பு தாமதித்தாலும் அதன் சுமை இறுதியில் இவ்வமைப்பின் மேல்தான் விழுகிறது.

கட்டும் முறையையே ஒழுங்குபடுத்தினால் என்ன நிகழும் என்பதற்கு நீலகிரி வகைக் கப்பல்கள் விடை தருகின்றன. மும்பையிலும் கொல்கத்தாவிலும் கட்டப்படும் இவ்வகையின் ஏழு கப்பல்களுக்கு ஒருங்கிணைந்த கட்டுமான முறை கையாளப்பட்டது. அதாவது, கப்பலைப் பகுதி பகுதியாகச் செய்து, குழாயும் கம்பியும் கருவியும் பெரும்பாலும் உள்ளே பொருத்தப்பட்ட நிலையில் அப்பகுதிகளைச் சேர்ப்பது. இதற்கு ஒவ்வொரு பகுதியின் அளவும் பற்றவைப்பும் கணினி வரைபடத்தோடு மில்லிமீட்டர்க் கணக்கில் பொருந்த வேண்டும். இதுவும் செயல்முறைக் கட்டுப்பாடே. முதற்கப்பலான நீலகிரிக்கு 93 மாதங்கள் ஆயின. அதே தளத்தில் பின்னர்க் கட்டப்பட்ட தாரகிரி 81 மாதங்களில் நிறைவேறியது என்று கடற்படை அறிவித்துள்ளது. பன்னிரண்டு மாதங்கள் என்பது சிறு எண்ணன்று. கப்பல் கட்டும் தளத்தின் உழைப்பும் முதலும் ஓராண்டு முன்னதாக விடுதலை பெறுகின்றன. நாட்டுக்குக் கப்பல் ஓராண்டு முன்னதாகக் கிடைக்கிறது.

தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்டு டி தளம், கடலோரக் காவல் படைக்காக ஏழு ரோந்துக் கப்பல்களைக் கட்டும் ஒப்பந்தத்தை 2015-இல் பெற்றது. அதன் மதிப்பு 1,432 கோடி ரூபாய். முதற்கப்பலான விக்ரம் 2018-இலும், இறுதிக் கப்பலான விக்ரகா 2021 ஆகஸ்டிலும் பணியில் இணைந்தன. எல்லாக் கப்பல்களும் குறித்த காலத்திலோ அதற்கு முன்னரோ ஒப்படைக்கப்பட்டதாகக் கட்டிய நிறுவனம் தெரிவித்தது. ரோந்துக் கப்பலும் விமானந்தாங்கியும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவையல்ல என்பது உண்மை. ஆனால் வடிவமைப்பை முதலில் உறுதிசெய்து, இடையில் மாற்றாமல், தொடர்வரிசையாகக் கட்டினால் காலமும் பணமும் கைக்குள் அடங்கும் என்பதை அது காட்டுகிறது.

சிக்கனமே பகையாகும் இடங்கள்

கட்டுப்பாட்டு அமைப்பால் பயன் உண்டு என்று கூறிவிட்டு, அது பொய்த்த இடங்களைக் கூறாமல் விடுவது நேர்மையான மதிப்பீடாகாது.

1997 செப்டம்பரில், 'ஸ்மார்ட் ஷிப்' திட்டத்தின் முன்னோடியான யார்க்டவுன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வர்ஜீனியா கரைக்கு அப்பால் பயிற்சியில் இருந்தது. கணினியில் ஒரு தரவுக் கட்டத்தில் பூச்சியம் உள்ளிடப்பட்டது. நிரல் அந்தப் பூச்சியத்தால் வகுக்க முயன்று நிலைகுலைந்தது. அந்தக் கோளாறு வலைப்பின்னல் முழுதும் பரவி, கப்பலின் உந்துவிசையே நின்றது. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அக்கப்பல் அசைவற்று மிதந்தது. அக்கணினிகளில் இருந்தது சந்தையில் எளிதில் கிடைத்த விண்டோஸ் என்.டி. மென்பொருள். அதன் நான்காம் பதிப்பு 1996-இல் வெளிவந்தது; 2004-ஆம் ஆண்டோடு அதற்கான ஆதரவை அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது. கால் நூற்றாண்டு ஓடவேண்டிய கப்பலுக்கு எட்டாண்டு மென்பொருள்!

ஆட்குறைப்பை எல்லை மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் கரையோரப் போர்க்கப்பல் திட்டம் காட்டியது. நாற்பது பேர் கொண்ட மையக் குழுவே போதும் என்ற நம்பிக்கையில் அவை வடிவமைக்கப்பட்டன. நடைமுறையில் குழு 50 ஆகி, பின்னர் 70 ஆயிற்று. கப்பலில் ஆளில்லாததால் பழுதுபார்ப்பைக் கரையிலுள்ள ஒப்பந்ததாரர்களிடம் விட வேண்டியதாயிற்று. 2008-இல் பணியில் இணைந்த முதற்கப்பல் 2021-இலேயே ஓய்வு பெற்றது. இருபத்தைந்து ஆண்டுக்குக் கணக்கிட்ட முதலீடு பதின்மூன்றில் முடிந்தது.

மூன்றாவது சம்பவம் உயிரிழப்போடு முடிந்தது. 2017 ஆகஸ்டு 21 அன்று சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கக் கப்பல் ஒரு சரக்குக் கப்பலோடு மோதியதில் பத்து மாலுமிகள் இறந்தனர். தொடுதிரையில் சுக்கானையும் வேகத்தையும் கையாளும் முறையின் வடிவமைப்பும், அதில் மாலுமிகளுக்குப் போதிய பயிற்சி இல்லாமையும் காரணங்களுள் அடங்கும் என்று அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது. பின்னர் அவ்வகைக் கப்பல்களில் தொடுதிரைக்குப் பதிலாகக் கையால் தள்ளும் நெம்புகோலை மீண்டும் வைப்பதெனக் கடற்படை முடிவு செய்தது.

நம் நாட்டிலும் ஓர் எச்சரிக்கை நிகழ்ந்தது. 2019-இல் கொச்சியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்ராந்தின் கட்டுப்பாட்டு முனையங்களிலிருந்து நுண்செயலிகளும் நினைவகங்களும் சேமிப்பு வட்டுகளும் களவு போயின. தேசியப் புலனாய்வு முகமை விசாரித்து, அங்கு ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்த இருவரைக் கைது செய்தது. பொருட்களின் சந்தை விலை சிறிது. அவற்றில் இருந்திருக்கக் கூடிய தகவலின் விலை கணக்கிட இயலாதது. கட்டுமானத் தளத்தில் கணினிக்குக் காவல் போடுவதும் அந்த அமைப்பின் செலவுதான்.

இந்நான்கும் உணர்த்துவது ஒன்றே. தானியக்கம் தவறன்று, அதை மலிவாக முடித்துவிடலாம் என்ற எண்ணமே தவறு. ஆளைக் குறைத்த பணத்தில் ஒரு பகுதியை எஞ்சிய ஆளின் பயிற்சிக்கும், கைமுறை மாற்று ஏற்பாட்டுக்கும், மென்பொருள் பராமரிப்புக்கும் ஒதுக்காத எந்தக் கணக்கும் பாதிக் கணக்கே.

இரு மறுப்புகள்

நாட்டின் பாதுகாப்பை இலாப நட்டக் கணக்கில் பார்க்கலாமா என்று சிலர் கேட்பர். போரில் ஒரு கப்பல் தப்பிப் பிழைப்பதற்கு எந்த வட்டி வீதத்தில் விலை போடுவது? கேள்வி நியாயமானது. ஆனால் ஒதுக்கீடு எல்லையுள்ளது. ஓரிடத்தில் வீணாகும் ஒவ்வொரு கோடியும் வேறோரிடத்தில் வாங்காமல் விட்ட ஒரு கருவி. கணக்குப் பார்ப்பது பாதுகாப்பைக் குறைப்பதற்கன்று. அதே பணத்தில் மிகுதியான பாதுகாப்பைப் பெறுவதற்கு.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. குறைந்த விலை கூறியவருக்கே ஒப்பந்தம் என்ற விதி ஊழலுக்கு எதிரான வேலி. அதை அகற்றினால் வேண்டியவருக்குச் சலுகை காட்ட வழி பிறக்கும் என்பர். பொதுத்துறை வங்கியில் பணியாற்றும் எவரும் இந்த அச்சத்தை எளிதாக ஒதுக்கமாட்டார். தணிக்கையாளருக்கு விடை கூற வேண்டிய அலுவலருக்குக் குறைந்த விலையே உறுதியான கேடயம். ஆகவே நான் வேண்டுவது வேலியை அகற்றுவதன்று, அளவுகோலை மாற்றுவது. வாங்கும் நாளின் விலைக்குப் பதிலாக, இருபத்தைந்து ஆண்டுச் செலவின் நிகழ்கால மதிப்பில் குறைந்தவர் யார் என்று கேட்டால் அதுவும் ஓர் எண்தான். அதையும் தணிக்கை செய்யலாம். சூத்திரத்தை ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே வெளியிட்டுவிட்டால் பின்னர் வளைக்க இடமில்லை. 2021 அக்டோபரில் நிதியமைச்சகம் வெளியிட்ட பொதுக் கொள்முதல் அறிவுறுத்தல்கள், குறிப்பிட்ட சில பணிகளில் தரத்துக்கு 30 விழுக்காடு வரை மதிப்பெண் தரலாம் என்று ஏற்றுக்கொண்டன. பாதுகாப்புக் கொள்முதலுக்குத் தனி நடைமுறை உண்டு. எனினும் அரசின் சிந்தனை எத்திசையில் நகர்கிறது என்பதை இது காட்டுகிறது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, கட்டுப்பாட்டு அமைப்பைத் தேர்ந்தெடுப்பது கப்பலின் வடிவமைப்போடு சேர்ந்து நடைபெற வேண்டும். இயந்திரமும் அமைப்பும் கரையிலேயே ஒன்றோடொன்று இணைத்துச் சோதிக்கப்பட வேண்டும். கரையில் கண்ட பிழையைத் திருத்த ஒரு வாரம் போதும். கப்பலுக்குள் கண்ட பிழைக்கு மாதங்கள் ஆகும்.

இரண்டாவதாக, பணம் வழங்குவது பொருள் வந்து இறங்கியதை மட்டும் அடிப்படையாகக் கொள்ளலாகாது. வீட்டுக் கடனை அடித்தளம், சுவர், கூரை என்று கட்டுமான நிலைக்கேற்ப வங்கி விடுவிப்பது போல, தொழிற்சாலைச் சோதனை, துறைமுகச் சோதனை, கடற்சோதனை என்ற படிகளோடு கணிசமான தொகை பிணைக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மென்பொருளின் மூல நிரலும் வரைபடங்களும் கடற்படையின் உரிமையாகவோ, தேவை நேரும்போது திறக்கத்தக்க பாதுகாப்பு வைப்பாகவோ இருக்க வேண்டும். சாவியை விற்பவரிடமே விட்டுவிட்டு வீட்டை வாங்குவார் உண்டோ? விற்றவர் தொழிலை மூடினாலும் கப்பல் ஓடியாக வேண்டும்.

நான்காவதாக, பயிற்சிக்கும் இடைக்காலப் புதுப்பிப்புக்கும் உரிய பணம் முதல் நாளே திட்ட மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படும் செலவு எந்த நிறுவனத்திலும் முதலில் வெட்டப்படும் செலவாகும்.

ஐந்தாவது, நம் வாடிக்கையாளர்கள் பலரை நேரடியாகத் தொடுவது. சிறு உணரியோ இணைப்பியோ செய்து தரும் குறுந்தொழில் நிறுவனத்துக்குப் பணம் தாமதமானால், அது அடுத்த தொகுதிக்கு மூலப்பொருள் வாங்க இயலாது. அதற்காகக் கப்பலே காத்து நிற்க நேரும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எந்தக் கெடு எழுதப்பட்டிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கலாகாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் பெற்ற 'ட்ரெட்ஸ்' தளங்களில் பட்டியலை ஏற்றி, வாங்குபவர் ஒப்புக்கொண்டவுடன் வங்கிகளிடமிருந்து முன்கூட்டியே பணம் பெறும் வழியும் உண்டு. கப்பல் தளங்களுக்குப் பொருள் தரும் முனைவோர் தங்கள் உதயம் பதிவைச் சரியாக வைத்துக்கொண்டு, இவ்வசதி குறித்துத் தங்கள் கிளையில் கேட்டறிய வேண்டுகிறேன். கேட்பது உரிமை, சலுகையன்று.

கடற்படைக் கப்பல் ஒன்று இன்று வடிவமைக்கப்பட்டால், அது ஓய்வு பெறும் நாளில் இன்று பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் வரி செலுத்திக்கொண்டிருப்பார்கள். நாம் வாங்கும் விலையை நாம் கொடுக்கிறோம். நாம் எண்ணாமல் விட்ட செலவை அவர்கள் கொடுப்பார்கள். ஆகவே கப்பல் நீரில் இறங்கும் நாளில் அதன் விலை எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், அது கடலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஆகும் என்றும் கேட்கப் பழகுவோம். புது இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வரும் சிறு முனைவோரிடம் எந்தக் கிளையிலும் முதலில் கேட்கப்படும் கேள்வியும் இதுதான். அவரிடம் கேட்பதை அரசிடம் கேட்காமல் விடுவதற்குக் காரணமில்லை.